எட்டுத் திசையும் செல்பவள்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

கிரிக்கெட்டில் மட்டையும் பிடித்து, பந்தும் வீசி, எல்லைக்கோட்டருகே ஓடிப் பிடிக்கவும் வல்லவரை ‘ஆல்ரவுண்டர்’ என்று கொண்டாடுகிறோம். 1983-இல் உலகக் கோப்பையை ஏந்தி நின்ற கபில்தேவ் அத்தகையவர். அறுபத்து நான்கு கட்டங்களைக் கொண்ட சதுரங்கப் பலகையிலும் அத்தகைய ஒருவர் உண்டு. நேராகவும் செல்வாள், பக்கவாட்டிலும் செல்வாள், மூலைவாட்டிலும் செல்வாள். தாக்கவும் வல்லவள், காக்கவும் வல்லவள். அவளே ராணி.

இவ்வளவு ஆற்றலும் ஒரே காயிடம் குவிந்திருப்பதால், ஆட்டம் கற்கத் தொடங்கும் எவரும் முதலில் கை வைப்பது ராணியின் மேல்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனால் ஓர் ஆட்டத்தை மட்டுமல்ல, நம் கல்லூரி அணிக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு வெற்றியையும் இழந்தேன். அந்த இழப்புக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆட்டத்தில் தேர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இராது. விடுதி வராந்தாவில் பலகையை விரித்து உட்காரும் நண்பர்களுக்குச் சிறிது பயன்படலாம்.

பெயர்களைப் பற்றி முதலில் ஒரு சொல். நம் பக்கத்திலேயே இக்காய்களை வீட்டுக்கு வீடு வெவ்வேறு பெயரால் அழைக்கிறோம். மூலைக் காயைச் சிலர் யானை என்பர், சிலர் கோட்டை என்பர். இக்கட்டுரையில் மூலையில் நிற்பது யானை. அதனை அடுத்துக் குதிரை. அதனை அடுத்து, மூலைவாட்டில் மட்டும் செல்லும் மந்திரி. நடுவில் ராஜாவும் ராணியும். முன்வரிசையில் எட்டுச் சிப்பாய்கள்.

ராணி வந்த கதை

சதுரங்கம் நம் நாட்டில் பிறந்த ஆட்டம். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையே அதன் பெயருக்குக் காரணம். ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டில் வட இந்தியாவில் வழங்கிய இவ்வாட்டம் பாரசீகம் சென்று, அங்கிருந்து அரபு நாடுகளுக்கும், பின்னர் ஐரோப்பாவுக்கும் பரவியது.

அந்தப் பழைய ஆட்டத்தில் ராணி என்று ஒரு காயே கிடையாது. ராஜாவின் பக்கத்தில் நின்றவர் அமைச்சர். அவர் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் நகர முடியும். கறுப்புக் கட்டத்தில் தொடங்கியவர் கடைசிவரை கறுப்புக் கட்டத்திலேயே கிடப்பார். பலகையில் பாதியை அவர் கண்ணால் பார்க்கலாம், காலால் மிதிக்க முடியாது. ஐரோப்பாவுக்குச் சென்ற பிறகு அந்த அமைச்சரின் இடத்தில் ராணி வந்து அமர்ந்தாள். ஆனாலும் பல நூற்றாண்டுகள் அவளும் அதே ஒற்றை அடிதான் எடுத்து வைத்தாள்.

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறிற்று. ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் ஏறத்தாழ 1475-இல் எழுதப்பட்ட ஒரு கவிதையில்தான், இன்றைய ஆற்றல் முழுவதும் பெற்ற ராணியை முதன்முதலில் காண்கிறோம். 1474-இல் காஸ்டில் நாட்டின் அரியணை ஏறிய இசபெல்லா அரசியின் செல்வாக்கே இதற்குக் காரணம் என்று கருதுவோரும் உளர். காரணம் எதுவாயினும், மெல்ல நகர்ந்த பழைய ஆட்டம் ஒரு தலைமுறைக்குள் புயல்வேக ஆட்டமாயிற்று. அக்காலத்து இத்தாலியர் இப்புது ஆட்டத்தை ‘வெறிகொண்ட சதுரங்கம்’ என்றே அழைத்தனர்.

இன்று உலகெங்கும் மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுகள் உண்டு. அவற்றின் வேரும் இந்தப் பலகையில்தான் இருக்கிறது. 1780-இல் ஜெர்மானியரான ஹெல்விக் சதுரங்கத்தை விரித்து ஒரு போர் விளையாட்டை அமைத்தார். 1824-இல் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷ்ய அதிகாரி வகுத்த விளையாட்டு படையினருக்கே பயிற்சிப் பாடமாயிற்று. பூதங்களும் மாய வீரர்களும் மோதும் ‘வார்ஹாமர்’ 1983-இல் இங்கிலாந்தில் தோன்றியது. இத்தகைய விளையாட்டுகள் சிலவற்றில் எல்லா வேலையும் தெரிந்த ஒரு வீரன் உண்டு. அவனை எங்கே, எப்போது இறக்குவது என்பதே ஆடுபவர் எல்லாருக்கும் உள்ள கவலை. நமக்கு அந்தக் கவலை ராணியின் வடிவில் வந்திருக்கிறது.

தாமிரபரணிக்கும் இவ்வாட்டத்துக்கும் ஒரு புராண உறவு உண்டு என்பதை நம்மில் பலர் அறியார். திருவாரூர் மாவட்டத்தில் திருப்பூவனூர் என்னும் பாடல் பெற்ற தலம் இருக்கிறது. அங்குள்ள இறைவன் பெயர் சதுரங்க வல்லபநாதர். தென்பாண்டி நாட்டு அரசன் ஒருவனும் அவன் மனைவியும் தாமிரபரணியில் நீராடும்போது ஒரு தாமரை மலரில் சங்கு கிடைத்ததாம். அச்சங்கு பெண் குழந்தையாயிற்றாம். ராஜராஜேசுவரி எனப் பெயரிட்டு வளர்த்த அப்பெண்ணைச் சதுரங்கத்தில் வெல்ல நாட்டில் எவரும் இல்லை. இறுதியில் சிவபெருமானே முதியவர் வேடத்தில் வந்து ஆடி வென்று, அவளை மணந்துகொண்டார் என்பது தலபுராணம். சதுரங்க ராணிக்கு நம் ஆற்றிலேயே பிறந்தகம் உண்டு என்று நாம் பெருமை கொள்ளலாம்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ராணியை ஆள்வதற்கும் அந்த வரிசையே போதுமானது.

வலியறிதல்

வெறும் பலகையில் யானையை எந்தக் கட்டத்தில் வைத்தாலும் அது 14 கட்டங்களுக்குச் செல்ல முடியும். நடுவில் நிற்கும் மந்திரிக்கு 13 கட்டங்கள். ராணி இவ்விரண்டும் சேர்ந்தவள். ஆகவே நடுவில் நிற்கும்போது 27 கட்டங்களை ஆள்கிறாள். மூலையில் நின்றாலும் 21 கட்டங்கள் அவள் பார்வையில் இருக்கும்.

காய்களின் மதிப்பைச் சிப்பாயைக் கொண்டு அளப்பது வழக்கம். சிப்பாய் 1, குதிரை 3, மந்திரி 3, யானை 5, ராணி 9. யானையையும் மந்திரியையும் கூட்டினால் எட்டுதானே வருகிறது, மேலும் ஒன்று எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். இரண்டு பேர் செய்யும் வேலையை ஒருத்தி ஒரே நகர்வில் செய்வதற்கான கூலி அந்த ஒன்று. ஒரு மூலையில் காவலில்லாமல் நிற்கும் குதிரையையும் மற்றொரு மூலையில் காவலில்லாமல் நிற்கும் யானையையும் ஒரே சமயத்தில் அவள் தாக்குவாள். எதிரி ஒன்றைக் காப்பதற்குள் மற்றொன்று போய்விடும். காவலற்ற காய்களே அவளுக்கு இரை.

ஆனால் அவளுடைய விலையே அவளுக்குத் தளையும் ஆகிறது. காவலுள்ள ஒரு சிப்பாயை யானை வெட்டினால் நான்கு புள்ளி நட்டம். ராணி வெட்டினால் எட்டுப் புள்ளி நட்டம். எதிரியின் சிப்பாய் ஓர் அடி முன்வைத்தால் ராணி ஓடித்தான் ஆகவேண்டும். குதிரை வந்தாலும் ஓட வேண்டும், மந்திரி வந்தாலும் ஓட வேண்டும். படையிலேயே மிக வலியவள், படையிலேயே மிக எளியவனுக்கு வழிவிட்டு நிற்கிறாள். இந்த உண்மையை உணராதவர் ராணியை ஆள முடியாது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். ஒரு சிப்பாய்க்குக் காவலாக ராணியை நிறுத்துவது வீண்செலவு. அவளைக் காவலுக்குக் கட்டிப்போட்டால் எட்டுத் திசையும் செல்லும் ஆற்றல் ஒரு கட்டத்துக்குள் அடைபட்டுவிடும். சிப்பாயைச் சிப்பாயே காக்கட்டும்.

காலமறிதல்

நான்கே நகர்வில் எதிரியை மடக்கும் வித்தையை நம்மில் அறியாதவர் குறைவு. ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள வேண்டும். அடுத்து ராணியை மூலைவாட்டில் பலகையின் வலது ஓரத்துக்குக் கொண்டு போக வேண்டும். பிறகு மந்திரியை வெளியே எடுக்க வேண்டும். எதிரி ராஜாவின் பக்கத்து மந்திரிக்கு முன்னே ஒரு சிப்பாய் நிற்கும். அதற்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. எதிரி கவனிக்காவிட்டால் நான்காம் நகர்வில் ராணி அதை வெட்டி ஆட்டத்தை முடித்துவிடுவாள்.

எனக்கு இந்த வித்தை பத்தாம் வகுப்பில் கிடைத்தது. தெருவில் பாதிப் பேரை இதனாலேயே வென்றேன். எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் ஒருநாள், “வாலே, ஒரு கை பாப்போம்” என்று அழைத்தார். பஞ்சர் ஒட்டும் கையோடு பலகை முன் அமர்ந்தார். நான் வழக்கம்போல ராணியை வெளியே விட்டேன்.

அவர் அசையவில்லை. முதலில் ராணிப் பக்கத்துக் குதிரையை எடுத்து, ராணி குறிவைத்த நடுச் சிப்பாய்க்குக் காவல் வைத்தார். நான் மந்திரியைக் கொண்டுவந்தேன். அவர் ஒரு சிப்பாயை ஒரே ஓர் அடி தள்ளினார். ராணி ஓடவேண்டியதாயிற்று. மறுபடியும் அதே இலக்கைக் குறிவைத்து அவளை நடுவுக்கு அருகே நிறுத்தினேன். அவர் மற்றொரு குதிரையை எடுத்து வழியில் வைத்தார். நான்கு நகர்வு முடிந்தது. அவருடைய இரண்டு குதிரைகளும் களத்தில் நின்றன. என் ராணி இருமுறை ஓடி, என் குதிரை வந்து நிற்க வேண்டிய கட்டத்தை அடைத்துக்கொண்டு நின்றாள். மந்திரியைத் தவிர மற்றவர் எல்லாம் வீட்டிலேயே இருந்தனர். அதன்பிறகு அரைமணி நேரம் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

காய்களைத் திரும்ப அடுக்கும்போது அண்ணாச்சி சொன்னார்: “ஏலே, மத்தவன்லாம் வீட்டுல தூங்குதான். அவ ஒருத்தி மட்டும் ஊரெல்லாம் ஓடுதா. அவ என்னலே செய்வா?”

காலமறிதல் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உரை எனக்குத் தெரியாது. குதிரைகள் இரண்டும் வெளியே வரட்டும். மந்திரிகளுக்கு வழி திறக்கட்டும். ராஜா கோட்டை கட்டிப் பத்திரமாகட்டும். எதிரியின் படை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியட்டும். அதன்பிறகு ராணி எழுந்தால், அவள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் தாக்குதலாக அமையும். முன்னரே எழுந்தால், அவளைத் துரத்துவதே எதிரிக்குத் தன் படையை வெளியே கொண்டுவரும் வழியாகிவிடும். அவள் ஓடும் ஒவ்வோர் அடியும் நாம் எதிரிக்குத் தரும் இலவசம்.

இடனறிதல்

காலம் தெரிந்தால் மட்டும் போதாது. இடமும் தெரிய வேண்டும். நான் அணிக்கு இழைத்த பிழை இங்கேதான் நேர்ந்தது.

முதலாண்டில், வெளியூர் ஒன்றில் நடந்த கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்குச் சென்றோம். அணிக்கு நான்கு பேர். மூவர் ஆட்டம் முடிந்தபோது இரு பக்கமும் ஒன்றரைப் புள்ளி. என் பலகைதான் மிச்சம். மேசையைச் சுற்றிக் கூட்டம். அண்ணாச்சி சொன்னதை மறவாமல் படையெல்லாம் வெளியே எடுத்திருந்தேன். ஆட்டம் என் பக்கம் சாய்ந்திருந்தது. அப்போது எதிரியின் ராணிப் பக்கத்துக் குதிரை நின்ற இடத்துக்கு முன்னே ஒரு சிப்பாய் காவலின்றி நிற்பதைக் கண்டேன். ராணியை அனுப்பி அதை வெட்டினேன்.

அவன் யோசிக்கவே இல்லை. ஒரு சிப்பாயைத் தள்ளி அவள் திரும்பும் வழியை அடைத்தான். அடுத்த நகர்வில், தன் ராணியின் காவலோடு யானையை அவளுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினான். சுற்றிலும் பார்த்தேன். இருபத்தேழு கட்டங்களை ஆளக்கூடியவளுக்கு ஒதுங்க ஒரு கட்டம் இல்லை. ஒரு சிப்பாய்க்காக ராணியைக் கொடுத்தேன். பேருந்தில் நள்ளிரவில் நெல்லை திரும்பும்வரை எங்களில் எவரும் பேசவில்லை. ஒருவர் திட்டியிருந்தாலும் மனம் ஆறியிருக்கும்.

பின்னர்தான் இந்தச் சிப்பாய்க்கு ‘நஞ்சூட்டிய சிப்பாய்’ என்றே ஆட்ட நூல்களில் பெயர் உண்டு என்று அறிந்தேன். 1972-இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் பதினோராம் ஆட்டத்தில், பாபி பிஷரின் ராணியே இந்தச் சிப்பாயை விழுங்கிச் சிறைப்பட்டாள். பாரிஸ் ஸ்பாஸ்கி அந்த ஆட்டத்தை வென்றார். முடிவில் பட்டத்தை வென்றவர் பிஷர்தான் என்றாலும், யானைக்கும் அடி சறுக்கும் என்பதற்கு அது போதுமான சான்று. அதைப் படித்தபோது என் துயரம் சற்றே குறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ராணிக்குரிய இடம் எது? அவள் பல திசைகளைப் பார்க்கவேண்டும். அவளை எவரும் எளிதில் தொடக்கூடாது. பெரும்பாலும் அது நம் படைக்குச் சற்றுப் பின்னே, நடுப்பகுதியை நோக்கிய கட்டமாக இருக்கும். அங்கு நின்றபடியே அவள் வலப்பக்கமும் இடப்பக்கமும் அச்சுறுத்துவாள். எதிரி இரண்டு பக்கமும் காவல் போட வேண்டியிருக்கும். அவள் நகராமலேயே எதிரியின் படை பிரிந்துபோகும். அனுப்புமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: போன வழி அடைபட்டால், திரும்பி வர வேறு வழி இருக்கிறதா?

ராணிகளின் ஆட்சிப் பரப்பை விளக்கும் ஒரு புகழ்பெற்ற புதிரும் உண்டு. ஒன்றையொன்று தாக்காதவாறு எட்டு ராணிகளைப் பலகையில் வைக்க முடியுமா என்று 1848-இல் மாக்ஸ் பெஸ்ஸல் கேட்டார். முடியும், 92 வழிகளில் முடியும். கணினி அறிவியல் வகுப்பு நண்பர்கள் இதை ஆய்வகத்தில் நிரலாக எழுதியிருப்பர். மற்றொரு வியப்பு: சரியான கட்டங்களில் நிறுத்தினால், பலகை முழுவதையும் பார்வைக்குள் வைத்திருக்க ஐந்து ராணிகள் போதும். ஆனால் நமக்குத் தரப்பட்டிருப்பவள் ஒருத்தியே. அதனால்தான் இடம் இவ்வளவு முக்கியமாகிறது.

துணையறிதல்

எவ்வளவு வல்லவளாயினும், ராணி தனியாக நின்று எதிரி ராஜாவை நடுப்பலகையில் மடக்க முடியாது. பலகையில் அவளும் அவள் ராஜாவும், எதிரில் ஒற்றை ராஜாவும் மட்டும் எஞ்சியுள்ளனர் என்று கொள்வோம். சரியாக ஆடினால் பத்து நகர்வுக்குள் முடித்துவிடலாம். ஆனால் துணைக்கு நம் ராஜாவும் நடந்து வந்தாக வேண்டும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எதிரி ராஜாவுக்கு ‘செக்’ சொல்லிச் சொல்லித் துரத்தக்கூடாது. ராணியை எப்போதும் அவனுக்கு ஒரு குதிரைத் தாவல் தூரத்தில் வைத்துப் பின்தொடர வேண்டும். அவனுடைய இடம் சுருங்கிக்கொண்டே வரும். அவன் ஓரத்தை அடைந்ததும் ராணி அவனை அந்த ஓர வரிசைக்குள் அடைத்துவிட்டு நிற்கவேண்டும். இனி நம் ராஜா நடந்து வரவேண்டும். இங்கே ஒரு குழி இருக்கிறது. எதிரி ராஜா மூலைக் கட்டத்தில் இருக்கும்போதும் பழக்கத்தால் ராணியைக் குதிரைத் தாவல் தூரத்தில் வைத்தால், அவனுக்கு நகர இடமிராது, செக்கும் இராது. ஆட்டம் சமனாகிவிடும். வென்ற ஆட்டத்தை இப்படிக் கைநழுவ விட்டவர் நம் விடுதியிலேயே பலர் உண்டு.

யானையோடு சேரும்போதும் வரிசை அறிந்து நிறுத்தவேண்டும். திறந்த நேர்வழியில் யானை முன்னும் ராணி பின்னும் நிற்பதே பொது விதி. இழப்பு நேர்ந்தால் விலை குறைந்தது முதலில் போகட்டும் என்பது கணக்கு. 1930-இல் இத்தாலியின் சான் ரெமோவில் நிம்சோவிச்சை எதிர்த்து ஆடிய அலெக்கின், இரண்டு யானைகளையும் முன்னே நிறுத்தி, ராணியை அவற்றின் பின்னே கொண்டுபோய் வைத்தார். அந்த அணிவகுப்பை ‘அலெக்கினின் பீரங்கி’ என்றே இன்றும் அழைக்கின்றனர். அங்கே ராணி செய்த பெரிய வேலை, முன்னே நிற்பவர்களுக்குப் பின்னே நின்றதுதான்.

எதிரிடமிருந்து ஒரு மந்திரியும் இரண்டு குதிரைகளும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால், நம் ஒற்றை ராணி பெரும்பாலும் திணறிப் போவாள். கணக்கில் இருபுறமும் ஒன்பதுதான். ஆயினும் மூவர் ஒருவரையொருவர் காத்துக்கொண்டு முன்னேறுகையில், ஒருத்தியால் எதையும் தொட முடிவதில்லை.

ஈகை

வள்ளுவரிடமிருந்து இன்னும் ஓர் அதிகாரப் பெயரைக் கடன் வாங்குகிறேன். ராணியைக் காக்கத் தெரிந்தவன் நல்ல ஆட்டக்காரன். கொடுக்கத் தெரிந்தவன் அவனிலும் நல்ல ஆட்டக்காரன்.

1851-இல் லண்டனில் ஆண்டர்சன் என்பவர் கீசரிட்ஸ்கியை எதிர்த்து ஆடிய ஆட்டத்தை ‘அழியாத ஆட்டம்’ என்பர். அதில் அவர் ஒரு மந்திரியைக் கொடுத்தார், இரண்டு யானைகளையும் கொடுத்தார், இறுதியில் ராணியையும் கொடுத்தார். மீதியிருந்த ஒரு மந்திரியும் இரண்டு குதிரைகளும் எதிரி ராஜாவை மடக்கின. 1956-இல் நியூயார்க்கில் பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருந்த பாபி பிஷர், டொனால்டு பைர்னை எதிர்த்துப் பதினேழாம் நகர்வில் ராணியை விட்டுக்கொடுத்தார். அதற்கு ஈடாக ஒரு யானை, இரண்டு மந்திரிகள், ஒரு சிப்பாய் ஆகியவற்றைப் பெற்று, நாற்பத்தோராம் நகர்வில் ஆட்டத்தை முடித்தார்.

எனக்கும் ஒருமுறை அந்த வாய்ப்பு வந்தது. சென்ற ஆண்டுப் போட்டியில், இம்முறை எதிரியின் ராணி என் பக்கம் வந்து மூலைச் சிப்பாயை வெட்டியது. அவன் ராஜா கோட்டைக்குள் இருந்தான். முன்னுள்ள மூன்று சிப்பாய்களும் அசையாததால் அவனுக்கு மூச்சுவிட ஒரு சன்னல் இல்லை. கடைசி வரிசையில் ஒரு யானை, அதற்குக் காவலாக மற்றொரு யானை. என் ராணியும் அவளுக்குப் பின்னே என் யானையும் ஒரே நேர்வழியில் நின்றனர். பொது விதிக்கு மாறான வரிசைதான். ஆனால் அன்று அதுவே சரியான வரிசை. ராணி அவன் யானையை வெட்டினாள். அவனது மற்ற யானை அவளை வெட்டிற்று. என் யானை அதை வெட்டி ‘செக்’ என்றது. அதோடு ஆட்டம் முடிந்தது. அவனுடைய ராணி என் மூலையில் சிப்பாயைத் தின்றுகொண்டிருந்தாள். முதலாண்டில் நான் பட்ட கடன் அன்று தீர்ந்தது என்று எங்கள் அணித்தலைவர் சொன்னார்.

முடிவாகச் சில சொற்கள்

சதுரங்கத்தில் தமிழகம் பெற்றுள்ள இடம் நாம் அறிந்ததே. 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானவர் மானுவல் ஆரன். 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரானவர் விசுவநாதன் ஆனந்த். 2022-இல் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று பதினெட்டு வயதில் உலகப் பட்டம் பெற்றார் குகேஷ். பட்டத்தைத் தீர்மானித்த அந்தப் பதினான்காம் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பலகையில் ராணிகளே இல்லை. இறுதியில் எஞ்சிய ராஜாவும் சிப்பாய்களுமே உலகப் பட்டத்தை வென்று தந்தனர்.

ஒருநாள் இரவு வீட்டில் நான் தனியாகக் காய்களை நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எதிரே முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். அடுப்பில் உலை. காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழ வேண்டும். “இது என்னல, இவ்வளவு ஒசரமா இருக்கு?” என்று ராணியைக் காட்டிக் கேட்டார். “இதுதாம்மா ராணி. எல்லாப் பக்கமும் போவா, எல்லா வேலையும் செய்வா” என்றேன்.

கை பீடியில் இருந்தபடியே அம்மா சொன்னார்: “அப்ப அவளுக்கும் உக்கார நேரமிருக்காதே.”

அண்ணாச்சி சைக்கிள் கடையில் சொன்னதும் இதுவும் ஒன்றே என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்றவன் எல்லாம் வீட்டில் தூங்கினால், ஒருத்தி ஊரெல்லாம் ஓடுவாள். அவள் ஓட வேண்டியிருப்பதற்குக் காரணம் அவளது ஆற்றல் அன்று. மற்றவர் அசையாமல் நிற்பது. மறுநாள் காலை தண்ணீர்க் குடங்களை நான் எடுத்தேன். பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஒரு குதிரை தன் கட்டத்தை விட்டு வெளியே வந்தது, அவ்வளவுதான்.

நண்பர்களே, நம் வகுப்பிலும் அணியிலும் விடுதியிலும் எல்லா வேலையும் தெரிந்த ஒருவர் இருப்பார். விழா என்றாலும் அவர், முகாம் என்றாலும் அவர், பேச்சுப்போட்டி என்றாலும் அவரே. அவரைக் கொண்டாடுகிறோம் என்று எண்ணிக்கொண்டு அவரைச் சிறிது சிறிதாகச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம். பலகை சொல்லும் பாடம் வேறு. ராணியின் பலம் ராணியிடம் மட்டும் இல்லை. அவளுக்கு முன்னே வெளியே வந்து நிற்கும் குதிரைகளிடமும், ஓரடி ஓரடியாக நடக்கும் சிப்பாய்களிடமும் இருக்கிறது. அந்தச் சிப்பாயும் கடைசி வரிசையைத் தொட்டால் ராணியாகலாம் என்பது ஆட்டத்தின் விதி. அதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த நம்மில் பலர் அந்த நம்பிக்கையில்தான் நடந்துகொண்டிருக்கிறோம்.